நாற்காலி நேர்ச்சை

அருள்பிரகாசத்தின் வம்சத்தில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் அவர்தான். அவருக்கு முந்தியவர்கள் நின்றும் குனிந்தும் இழுத்தும் சம்பாதித்தவர்கள். கட்டுமரத்தில்கூட மண்டி போட்டுத்தான் துடுப்புப் போடுவார்கள்; சாவகாசமாக உட்கார அதில் இடம் ஏது. ஆகவே ராயபுரம் கடற்கரைச் சந்தில், மூடிய கோட்டும் குடையுமாக அவர் காலையில் ஆபீசுக்குப் புறப்பட்டால், வலை உலர்த்துகிறவர்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு ஒதுங்கி வழி விடுவார்கள்.

மேஜை உத்தியோகம் ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று அந்தச் சந்தில் யாருக்குத் தெரியும்? வெயிலில் காயாத உடம்பு, உப்பில் ஊறாத கை, மாதம் பிறந்தால் சம்பளம். இதற்கு மேல் என்ன கேடு என்பார்கள். முப்பத்து மூன்று வயதில் கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல் உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்க்கிறவரை, 'பெரிய மனுஷன் தோரணை' என்று மெச்சினார்கள். தொப்பை விழுந்ததைப் பார்த்து, மகனுக்குத் திருஷ்டி கழிக்கும்படி ஊர்ப் பெண்கள் அவருடைய அம்மாவிடமே சொன்னார்கள். நல்ல கூத்து.

வேலை துறைமுகத்தின் வடக்குக் கோடியில், கப்பல் சரக்கு இறக்கி ஏற்றும் ஒரு கம்பெனியில். கல்கத்தாவிலிருந்து வரும் நிலக்கரி, இங்கிருந்து போகும் தோல், மணிலாக்கொட்டை எல்லாவற்றுக்கும் எந்தக் கப்பல், எத்தனை மூட்டை, எந்த ஊர் என்று எழுத வேண்டும். எழுதியதைப் பார்த்து இன்னொரு முறை எழுத வேண்டும். நாற்காலி உத்தியோகம் என்று அம்மா சூசையம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாளே தவிர, ஆபீசில் கொடுத்தது முதுகு சாய ஒரு கட்டைகூட இல்லாத உயரமான முக்காலி. கால் தரையில் படாது. சாய்வு மேஜையில் குனிந்து எழுதி எழுதிச் சாயங்காலம் இறங்கும்போது, இரண்டு காலும் வேறு யாருடையதோ போல் இருக்கும்.

அந்த நாற்காலி உத்தியோகம் சும்மா வந்ததில்லை. அருள்பிரகாசத்துக்கு ஒரு அண்ணன் இருந்தான், தொம்மை என்று பெயர். தம்பிக்குப் பத்து வயதாகும்போதே அவனைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு அலை தாண்டிப் போவான். தாண்டும்போது தண்ணீர் தலைக்கு மேல் எழும்பி, பிறகு திடீரென்று மரம் அந்தப் பக்கத்து அமைதியில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த ஒரு கணத்துக்காகவே பையன் இருட்டிலேயே எழுந்து உட்கார்ந்திருப்பான். ஒரு ஐப்பசியில் பையனுக்குக் காய்ச்சல். தொம்மை தனியாகப் போனான். மரம் மட்டும் எர்ணாவூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது. ஆள் வரவேயில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சூசையம்மாள் சின்னவனை இழுத்துக்கொண்டு போய் மாதா பீடத்துக்கு முன்னால் நிறுத்தினாள். கோயிலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்க, அவன் தலையில் கை வைத்து நேர்ந்துகொண்டாள்.

"தாயே, இந்த ஒரு புள்ளய நான் கடலுக்குக் குடுக்க மாட்டேன். இனிமேட்டு இவன் காலு உப்புத் தண்ணியில படாது. படிக்க வெச்சு நாற்காலியில ஒக்கார வெக்கிறேன். நீ காப்பாத்திக் குடு."

நேர்ச்சை அவள் செய்தது. காவல் காத்தது ஊர் முழுவதும். பையன் அலை ஓரமாக நடந்தாலே, யாராவது ஒரு பெண் ஓடி வந்து காதைப் பிடித்துத் திருகி வீட்டில் கொண்டுவந்து விடுவாள். சூசையம்மாள் கூடை சுமந்து மீன் விற்றுப் படிக்க வைத்தாள். அப்பா தன் மரத்தை விற்றுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய், மகன் உத்தியோகம் பார்க்கிற வருஷம் வரைக்கும் தாங்காமல் கண்ணை மூடினார். பையன் தேறினான், உட்கார்ந்தான், கல்யாணமும் ஆயிற்று. மாதாவும் காப்பாற்றிக் கொடுத்தாள். கணக்கில் ஒரு குறையும் இல்லை.

குறை அவருடைய உடம்புக்குள் இருந்தது. முதலில் இடுப்பு பிடித்தது. பிறகு கழுத்து. பிறகு சாப்பிட்டது எதுவும் கீழே இறங்காமல் நெஞ்சில் நின்றது. வீட்டுக்கு வந்தாவது கொஞ்சம் காலைக் கையை ஆட்டலாம் என்றால் அங்கே சூசையம்மாள் இருந்தாள். தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தைப் பிடுங்கிக்கொள்வாள். விறகு பிளக்கக் கத்தியை எடுத்தால், "நீ ஒக்காரு நைனா, இதுக்கா ஒன்ன படிக்க வெச்சேன்" என்பாள். மகனுக்காக முத்தியால்பேட்டையிலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தாள். ஆபீசில் பகல் முழுவதும் உட்கார்ந்தவர், வீட்டுக்கு வந்ததும் அதில் உட்கார வேண்டும். உட்காருவது அந்த வீட்டில் ஜெபம் மாதிரி நடந்தது. பாசம் மட்டும் ஒரு ஆளை முடமாக்க முடியுமானால் சூசையம்மாள் அதை முக்கால்வாசி செய்து முடித்திருந்தாள்.

உடம்போடு நின்றிருந்தால் தைலம் தேய்த்துச் சமாளித்திருப்பார். மனசும் கெட்டது. தூக்கம் போயிற்று. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று மனைவி எல்சியிடம் கத்தினார். மறுநாள் குறைந்துவிட்டது என்று கத்தினார். ஆபீசில் ஒருநாள் ரங்கூன் போகும் கப்பலின் பெயரை எழுதிக்கொண்டிருந்தவர், அதே பெயரையே காகிதத்தின் அடிவரை எழுதிவிட்டார். எழுதும்போது அவருக்கே தெரியவில்லை. காரணம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவருடைய மேஜைக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடல். முதலில் ஜன்னலைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று பொய் சொல்லி, இவரேதான் மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. இப்போது பார்வை இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. காது அதையே கேட்டுக்கொண்டிருக்க, கை மட்டும் மூட்டைகளை எழுதிக்கொண்டிருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்குக் கடல் வேண்டும். மீன் பிடிக்க அல்ல, பிழைக்க அல்ல. ஒரு தரம் இறங்கி, அலை நெஞ்சில் மோத, அந்த உப்பு மூக்கில் ஏற வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். இதை யாரிடம் சொல்வது? துறைமுகத்துக்குக் கல்மதில் கட்டினதிலிருந்து வடக்குக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. சந்தின் கோடியிலிருந்த குடிசைகள் இப்போது தண்ணீருக்குள். இவர் அதனிடம் போகக் கூடாது. அதுவோ வருஷா வருஷம் இவரைப் பார்த்து நெருங்கி வந்துகொண்டிருந்தது.

கப்பல் பெயரை எழுதித் தள்ளிய சமாசாரம் வெளியே தெரிந்ததும் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். அதற்கு முந்திய வருஷம்தான் அந்த ஆபீசின் தலைமைக் குமாஸ்தா மேஜை மேலேயே தலை சாய்ந்து இறந்து போயிருந்தார். அதனால் பயம் எல்லோருக்கும் இருந்தது. டாக்டர் முதுகைத் தட்டினார், நாக்கைப் பார்த்தார், எங்கே வீடு என்று கேட்டார். கடற்கரைச் சந்து என்றதும் சிரித்துவிட்டார். மேஜை வியாதிக்குக் காசு செலவு செய்து வெள்ளைக்காரர்கள் கடல் குளியலுக்குப் போகிறார்கள், நீ வாசலிலேயே வைத்துக்கொண்டு இப்படிக் கிடக்கிறாயே என்றார். காலையில் கடலில் இறங்கிக் கை கால் வீசி நன்றாகக் குளி. மணிக்கு ஒரு தரம் முக்காலியை விட்டு எழுந்து நில். தூரத்தில் இருப்பதைக் கண் நிறையப் பார். இல்லாவிட்டால் நாற்பதில் மூலையில் உட்கார வேண்டியதுதான் என்றார்.

இரண்டாவது யோசனைக்குத்தான் முதலில் வழி பிறந்தது. பக்கத்து மேஜை அப்துல் வஹாப். இவரைவிட மூத்தவர், இவரைவிட அதிகம் எழுதுகிறவர், ஆனால் இடுப்பு வலி என்றால் என்னவென்று தெரியாதவர். நடுப்பகலானால் எழுந்து போய், கை கால் முகம் கழுவி, வராந்தாவில் பாய் விரித்து, குனிந்து, நிமிர்ந்து, மண்டியிட்டுத் தொழுதுவிட்டு வருவார். திரும்பி வரும்போது முகம் புதிதாக இருக்கும். தொழுகைக்குப் போகிறவரை மேலதிகாரி என்ன சொல்ல முடியும்?

"ஒங்களுக்கு ஒண்ணும் கெடயாதா தோஸ்து?" என்று வஹாப் கேட்டார். "பகல்ல எயுந்து நிக்கற மாதிரி எதுனா?"

யோசித்துப் பார்த்தால் இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் சொல்கிற திரிகால ஜெபம். பள்ளிக்கூடத்தோடு அதை விட்டாயிற்று. மறுநாளிலிருந்து அருள்பிரகாசம் மணி அடித்ததும் முக்காலியிலிருந்து இறங்கினார், வராந்தாவுக்குப் போனார், நின்று ஜெபித்தார். வஹாப் ஒரு கோடியில், இவர் ஒரு கோடியில். இவ்வளவு பக்தி திடீரென்று எங்கிருந்து வந்தது என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். பத்து நாளில் கழுத்து கொஞ்சம் திரும்பிற்று. காலையில் டிராமில் ஏறாமல் நடந்து போகவும் ஆரம்பித்தார். பசிகூட எடுத்தது.

ஆனால் வராந்தாவிலிருந்து கடல் தெரிந்தது. உடம்பைத் தேற்றுவதற்கென்று செய்ததே மனசுக்கு எமனாயிற்று. ஜெபம் முடிந்த பிறகும் கால் நகராது. தூரத்தில் கட்டுமரங்கள் அலை தாண்டும்போது இவருடைய தோள் தானாகத் துடுப்புப் போடும். அதைப் பார்த்த வஹாப், பாயைச் சுருட்டிக்கொண்டே அருகில் வந்து என்ன சங்கதி என்று கேட்டார். அன்றுதான் அருள்பிரகாசம் வாயைத் திறந்து ஒருவரிடம் நேர்ச்சைக் கதையைச் சொன்னார்.

வஹாப் தாடியைத் தடவினார். "கடல்ல காலு படக்கூடாது, சரி. கடலு வூட்டுக்கு வந்தா?" என்றார்.

இது அருள்பிரகாசத்துக்குத் தோன்றாதது. எல்சியிடம் சொன்னார். அவளுக்கும் புருஷனுடைய முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மறுநாள் விடியும்போது, மாமியார் காலைப் பூசைக்குப் போயிருந்த சமயம், கரைக்குப் போய் ஒரு குடம் கடல் தண்ணீர் மொண்டு வந்து முற்றத்தில் வைத்தாள். அருள்பிரகாசம் கோவணத்தோடு குடத்தின் முன்னால் வந்து நின்றார். அடியில் மணல் படிந்திருந்தது. ஒரு சின்னப் பாசித் துணுக்கு மிதந்தது. குனிந்து முகர்ந்தார். பதினோரு வயது அப்படியே திரும்பி வந்தது. தொம்மையின் முதுகு, அதில் வழிந்த நீர், ஈர மரத்தின் வாடை. ஒரு செம்பு எடுத்துத் தலையில் ஊற்றிக்கொள்ள வந்தவர், குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். எல்சி செம்பை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

சூசையம்மாள் அப்போது வந்துவிட்டாள். வாசலிலேயே அவளுக்கு வாடை தெரிந்திருக்கும். முற்றத்துக்கு வந்து, குடத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். திட்டவில்லை. புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கி நின்றாள்.

"எல்சி, இத்த எங்க மொண்டியோ அங்கியே கொட்டிட்டு வா" என்றாள். "தளும்பாம தூக்கு."

"அத்தே, டாக்டரு சொல்லிகீறாரு. இப்டியே வுட்டா இவரு நமக்கில்ல."

"கொட்டிட்டு வா."

அன்று ஆபீசில் அருள்பிரகாசம் நடுப்பகல் ஜெபத்துக்கு எழுந்திருக்கவில்லை. வஹாப் தொழுதுவிட்டு வந்து, இவர் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. வாக்குக் குடுத்தது ஒங்கம்மா. அப்ப காப்பாத்த வேண்டியதும் அவங்கதானே? நீங்க எதுக்கு நடுவுல மாட்டிகினு கீறீங்க? எங்க ஊட்ல எங்க வாப்பா நேந்தா எங்க வாப்பாதான் செய்யணும்."

"அதெல்லாம் எங்கள்ல வேற மாதிரி" என்றார் அருள்பிரகாசம். சொல்லிவிட்டாரே தவிர, வேறு மாதிரியா என்று இத்தனை வருஷத்தில் யாரையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மீன் விலையைப் பத்து பேரிடம் விசாரிக்கிற ஊர் அது. தன் வாழ்க்கையைக் கட்டிப்போட்ட ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பங்குச் சாமியாரைத் தேடிப் போனார். சாமியார் வயதானவர், காது கொஞ்சம் மந்தம் என்பதால் முழுக்கதையையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவர் சாவதானமாக மூக்குப்பொடி எடுத்தார்.

"நேர்ந்தது யார்?"

"அம்மா."

"நீ எதுவும் சொன்னாயா?"

"எனக்கு அப்போ பதினோரு வயசு சாமி. அம்மா தலையில கை வெச்சாங்க, நின்னுகினு இருந்தேன்."

"அப்படியானால் உனக்கு அதில் பங்கில்லை. அவரவர் தம் பேரில்தான் நேர்ந்துகொள்ள முடியும். இன்னொருத்தன் காலைக் கட்டி நேர்ந்துகொள்ள யாருக்கும் அதிகாரம் கிடையாது, பெற்றவளுக்கும் சேர்த்துத்தான். நீ அம்மாவுக்கு மரியாதை செய்தாய். அது நல்லது. ஆனால் நேர்ச்சை என்று உன்மேல் எதுவும் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை."

கோயிலை விட்டு வெளியே வந்தால் நாலு எட்டில் கடல். அருள்பிரகாசம் படியில் நின்றார். இருபது வருஷத்துக்கு மேல், ஒரு பூட்டும் இல்லாத கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். கோபம் வந்தது, சிரிப்பு வந்தது. அங்கேயே கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியிருக்கலாம். யார் தடுத்தது? ஆனால் கால் வீட்டுப் பக்கம்தான் திரும்பிற்று. அம்மாவுக்குத் தெரியாமல் இறங்கினால் அது அவர் ஏங்கிய கடலாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியது.

சூசையம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மகன் சொன்னதை முறம் நிற்காமலே கேட்டாள். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சாமியாரு இத்த எனக்குச் சொல்லட்டும்" என்றாள். "நேந்தது நானு."

அன்று சாயங்காலமே மகனை அழைத்துக்கொண்டு போனாள். வெள்ளைப் புடவையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, சாமியார் வீட்டு வராந்தாவில் தூணைப் பிடித்தபடி நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் அருள்பிரகாசம் நினைத்தார். என் பையன் உயிரோடு இருப்பதே அந்த நேர்ச்சையால்தான் என்று சாமியாரிடமே வாதாடுவாள் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தான் என்ன பதில் சொல்வது என்றும் வழியெல்லாம் கட்டிவைத்திருந்தார். சாமியார் காலையில் சொன்னதையே திரும்பவும் சொன்னார். மகனைத் தடுக்கிற நேர்ச்சை எதுவும் இல்லை, அவன் தாராளமாகப் போகலாம் என்றார்.

"சரி சாமி" என்றாள் சூசையம்மாள். "அவன் போவட்டும்."

இவ்வளவு சுலபத்தில் முடியும் என்று அருள்பிரகாசம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் நகரவில்லை.

"நான் எப்ப போறது?"

சாமியாருக்குக் கேட்கவில்லை போலும் என்று நினைத்து அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். "என்னியும் சேத்துதான் நேந்துகினேன் சாமி. அவனுக்கு நேந்தத வாய்வுட்டுச் சொன்னேன். எனக்கு நேந்தத மனசுக்குள்ள சொன்னேன். சின்னப் புள்ள, கடல்னா உசிரு அவனுக்கு. அவனுக்குக் கெடயாதத நான் மட்டும் எப்டி வெச்சிக்கிறது? அவன் காலு படாத தண்ணியில என் காலும் படாதுன்னு சொல்லிட்டேன். அத்தோட செரி."

அருள்பிரகாசம் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏலத்துக்கு வந்த மீனை அவள் எப்போதும் காய்ந்த மணலிலேயே நின்று வாங்கினாள். மற்றப் பெண்கள் அலையில் கூடையை அலசினால், அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து குழாய்த் தண்ணீரில் அலசினாள். கடற்கரையில் பிறந்து, கடற்கரையில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி இத்தனை வருஷம் காலை நனைக்கவில்லை. கூடவே இருந்தும் அவர் அதைப் பார்க்கவில்லை. தன்னுடைய ஏக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெயுகுவத்தி எடுத்துகினு குயிமேட்டுக்குப் போறாங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் உடையவில்லை, வெகுநாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகின மாதிரி இருந்தது. "என் மூத்தவனுக்குக் குயி அதானே சாமி. தோ கீது. படுத்தா சத்தம் கேக்குது. ஒரு தபா கிட்ட போயி நின்னதில்ல நான். இவன் போவலாம்னு சொல்லிட்டீங்க. நான் எப்ப போறது?"

சாமியார் மூக்குப்பொடி டப்பியை மூடி வைத்தார். அவள் தன் பேரில் நேர்ந்தது நேர்ச்சைதான் என்றார். அதைத் தானாக அவிழ்க்க முடியாது, மேற்றிராணியாரான பிஷப்பிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். மகனுக்குச் சொன்னபோது இருந்த சுருக்கு இப்போது அவர் குரலில் இல்லை.

பதில் வர மழைக்காலம் பாதி போயிற்று. அதுவரை அருள்பிரகாசமும் கடலில் இறங்கவில்லை. எல்சிதான் தவித்தாள், டாக்டர் சொன்னது ஒரு கெடு போல அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்குத்தான் தடையில்லன்னு ஆயிடுச்சே, போங்களேன்" என்றாள். அவர் போகவில்லை. நடுப்பகலில் வராந்தாவுக்கு மட்டும் ஒழுங்காகப் போனார். அங்கிருந்து பார்க்கும்போது இப்போதெல்லாம் அவருக்குத் தொம்மை அவ்வளவாக ஞாபகம் வரவில்லை. காய்ந்த மணலில் நின்ற அம்மாவின் காலடிதான் வந்தது. சாயங்காலம் வீடு வந்ததும் அவளோடு சேர்ந்து குழாயடிக்குப் போய்க் குடம் தூக்கினார். அவள் பிடுங்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து சாமியார் அவளைக் கூப்பிட்டு, நேர்ச்சையை அவிழ்த்துவிட்டார்கள் என்றார். பதிலுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் கடலில் போனவர்கள் எல்லோருக்குமாக அவள் ஒரு பூசை வைக்க வேண்டும், அவ்வளவுதான். சூசையம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சமையலுக்கு வேண்டியதை எடுத்து வைத்தாள். மறுநாள் காலை, மழை வெறித்திருந்தது, அருள்பிரகாசம் ஆபீசுக்குக் கோட்டை எடுக்கும்போது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வரியா?" என்றாள்.

சந்து முழுவதும் அவர்களைப் பார்த்தது. யாரும் காதைத் திருக ஓடி வரவில்லை. ஐப்பசிக் கடல் கலங்கி, மண் நிறமாகப் புரண்டுகொண்டிருந்தது. ஈர மணல் ஆரம்பிக்கிற இடத்தில் சூசையம்மாள் நின்றுவிட்டாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு அலை வந்து, பாதி வழியிலேயே திரும்பிற்று. அடுத்தது வந்து இருவர் காலையும் நனைத்தது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது. பிறகு அவளே முன்னால் போனாள். முழங்கால் வரைக்கும். காலடி மணல் சரிந்து அவள் ஆட, அருள்பிரகாசம் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு அவளைத் தாங்கினார்.

"தொம்மே" என்றாள். கூப்பிடவில்லை, பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவது போல் சொன்னாள். "அம்மா வந்துகீறேன்டா. தம்பியும் வந்துகீறான். பெரிய ஆளாயிட்டான் பாரு. நாற்காலி உத்தியோகம்."

டாக்டர் சொன்ன குளியலை அருள்பிரகாசம் அன்று குளிக்கவில்லை. கை கால் வீசவில்லை. அலை நெஞ்சில் மோதவில்லை, உப்பு மூக்கில் ஏறவில்லை. இத்தனை வருஷம் கேட்டது காலடியில் இருக்க, அவர் இரண்டு கையாலும் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இப்படி எடையில்லாமல் போயிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. துறைமுகப் பக்கம் ஆபீஸ் நேரத்துக்குச் சங்கு ஊதிற்று.

"நாளிக்கும் கூட்டிகினு வர்றியா நைனா?" என்று அவள் கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவளுக்குத் தெரியவில்லை, மறுபடியும் கேட்டாள்.